தங்கவயல்: ஒரு பெயரின் இரண்டு பாதிகள்

நன்னூல் படித்தவர்கள் எல்லோரும் கோலாரைத் தொட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறார்கள். பவணந்தி முனிவரை நூல் எழுதச் சொன்ன சீயகங்கனுக்குக் கல்வெட்டுகள் தரும் பட்டம் 'குவளாலபுர பரமேசுவரன்'. அந்தக் குவளாலபுரம்தான் இன்றைய கோலார். மேலைக் கங்கரின் முதல் தலைநகர். பேச்சில் 'குவ' சுருங்கிக் 'கோ' ஆகி, கோலாலம் ஆகி, ஈறு திரிந்து கோலார் ஆயிற்று. கார்த்தவீரியனைப் பரசுராமன் கொன்றபோது எழுந்த 'கோலாகலம்'தான் ஊர்ப்பெயர் ஆயிற்று என்று தலபுராணம் சொல்லும். கேட்க நன்றாக இருக்கிறது. கல்வெட்டு அதற்கு இடம் கொடுக்கவில்லை.

ஆனால் தங்கம் கிடைத்தது கோலாரில் அல்ல, அங்கிருந்து முப்பது கிலோமீட்டர் தள்ளி, உரிகம், மாரிக்குப்பம் பக்கம். 1802இல் ஆங்கிலேயப் படை அதிகாரி ஜான் வாரன் அங்கே ஊரார் மண் அரித்துப் பொன் எடுப்பதைப் பார்த்து எழுதிவைத்தார். 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்தது. ஊர்ப்பெயரின் மறுபாதியான 'கோல்டு ஃபீல்ட்ஸ்' வந்தது அந்த வெள்ளைக்காரர் காலத்தில். அதைத் தமிழர் 'தங்கவயல்' ஆக்கிக்கொண்டார்கள். அகராதிக்காரர் செய்திருந்தால் 'பொற்புலம்' என்று ஏதாவது வந்திருக்கும். சுரங்கத்துக்கு இறங்கியவர்களில் பெரும்பாலோர் வட ஆர்க்காடு, சேலம் பக்கத்துத் தாழ்த்தப்பட்ட மக்கள். அடுத்தவர் நிலத்தில் உழைத்தே பழகியவர்கள். மூவாயிரம் மீட்டருக்கும் கீழே போன சாம்பியன் ரீஃப் சுரங்கத்தை 'வயல்' என்றது அவர்களுக்கு விநோதமாகப் படாதது எனக்கு வியப்பில்லை. மேலே குடியிருப்பு தட்டி வீடு, வரிசைக்கு 'லைன்' என்று பெயர். அயோத்திதாசரின் பௌத்தம் வேர்பிடித்ததும், அவர் எழுத்துகள் பின்னாளில் நூல்களாக அச்சேறியதும் இந்த லைன்களுக்கு நடுவில்தான்.

பேட்டைகளுக்கோ துரைகள் பெயர். ராபர்ட்சன்பேட்டை மைசூர் ரெசிடென்டாக இருந்த டொனால்ட் ராபர்ட்சனுடையது. கமிஷனர் பவுரிங் பெயரைத் தாங்கிய பவுரிங்பேட்டை மட்டும் பங்காருப்பேட்டையாக மாறியது; பங்காரு என்றாலும் பொன்தான். சுரங்கம் 2001 பிப்ரவரி 28இல் மூடப்பட்டது. 'கோலார் கோல்டு ஃபீல்ட்ஸ்' ஊரார் வாயில் இப்போது 'கேஜிஎஃப்'. வெளியூர் இளைஞருக்கு அது சினிமாப் பெயர்.

பங்காருப்பேட்டையில் மாரிக்குப்பம் ரயில் ஏறுகிறவர்கள் முதல் நிலையத்தின் பலகையைப் படியுங்கள். கடலில்லாத அந்த மேட்டு நிலத்தில் 'கோரமண்டல்' என்று இருக்கும். சோழமண்டலம் என்பது ஐரோப்பியர் வாயில் அப்படியாகி, ஒரு சுரங்கக் கம்பெனிக்குப் பெயராகி, அங்கே வந்து சேர்ந்தது.