விகாரத்துக்கு நெல் தந்த ஊர்



கடாரம் என்றதும் எம் தோட்டப்பள்ளி மாணவர்க்கு 1025ஆம் ஆண்டில் இராசேந்திர சோழன் நடத்திய படையெடுப்பே நினைவுக்கு வரும். அதற்கு முன்பே கடாரத்து அரசர் தமிழகத்தில் பௌத்தத் துறவியர்க்கு மடம் கட்டினார் என்று நான் கூறியபோது வியந்தனர். "அவர்கள் நாள் முழுதும் என்ன செய்வார்கள் ஐயா? சோறு யார் போடுவார்?" என்று ஒரு மாணவன் வினவினான். நல்ல வினா!

நாகப்பட்டினத்துச் சூளாமணி விகாரத்தை மாறவிசயோத்துங்கவர்மர் தம் தந்தையின் பெயரால் எழுப்பினார். பௌத்தத் துறவியர்க்குரிய வாழ்வை விநய நெறி வகுத்திருந்தது. காலையில் உணவு ஏற்று, நண்பகலுக்கு முன் உண்ண வேண்டும். பிறகு திட உணவு இல்லை. ஓதலும் தியானமும் அன்றாடக் கடமைகள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை கூடி விதிகளை ஓதுவர்; குற்றம் இழைத்தவர் ஒப்புக்கொள்வர். மழைக்காலத்தில் மூன்று திங்கள் ஓரிடத்தில் தங்குவர்.

அந்நெறியில் மற்றொரு விதியும் உண்டு: துறவி மண்ணைத் தோண்டலாகாது. ஐரோப்பாவிலோ, ஆறாம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் வகுத்த ஒழுங்கு, வழிபாட்டோடும் வாசிப்போடும் கையுழைப்பையும் துறவியின் கடமையாக்கியது. எனினும், காலப்போக்கில் அங்கும் பல மடங்கள் குடியானவர் உழைப்பாலேயே செழித்தன.

சூளாமணி விகாரத்துக்குச் சோறிட்ட ஊர் ஆனைமங்கலம். முதலாம் இராசராசன் தனது 21ஆம் ஆட்சியாண்டில், ஏறத்தாழ 1006இல், அவ்வூரின் வருவாயை வழங்கினான். பெண்யானையை நடத்தி எல்லை வகுத்தனர். ஆண்டுக்கு 8943 கலத்துக்கும் மேற்பட்ட நெல்! லெய்டன் செப்பேடுகள் எனப்படும் 21 ஏடுகள் இதனைக் கூறுகின்றன. அரசரையும் அதிகாரிகளையும் அவை விரிவாகப் பேசுகின்றன. நாற்று நட்ட கைகளைப் பற்றி நாமேதான் கேட்க வேண்டியுள்ளது.

நெகிரி செம்பிலான் தோட்டங்களின் கதையும் இத்தகையதே. துரைமாரின் பெயர்கள் ஏடுகளில் எளிதில் கிடைக்கும். விடியுமுன் பெரட்டுக்கு நின்று பால்மரம் சீவிய நம் பாட்டிமாரின் பெயர்களைத் தேட வேண்டியிருக்கிறது.

ஆகவே மாணவர்க்கு ஒரு வீட்டுப்பாடம் தந்தேன்: பாட்டியிடம் அவருடைய ஒரு நாள் வேலையைக் கேட்டு எழுதி வருக. அதுவும் வரலாறே.