தொல்காப்பியம் அச்சேறிய வரலாறு



எங்கள் பாடசாலையின் உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் அண்மையில் இரண்டு பழைய நூல்களுடன் என்னிடம் வந்தான். இரண்டும் தொல்காப்பியப் பொருளதிகாரப் பதிப்புகள். புன்னாலைக்கட்டுவன் வித்துவான் சி. கணேசையர் அவர்களின் குறிப்புக்களோடு சுன்னாகத்தில் வெளிவந்தவை. முன்பாகத்தில் 1948 என்றும், பின்பாகத்தில் 1943 என்றும் ஆண்டு காணப்பட்டது. "ஐயா, பின்பாகம் முந்தியும் முன்பாகம் பிந்தியும் வருமா? இது அச்சுப்பிழை அல்லவா?" என்று வினவினான். பிழையன்று, வந்த முறையே அதுதான் என்றேன்.

அவன் சற்றே சிந்தித்து, தான் அறிந்த கணினி விளையாட்டு ஒன்றை உவமையாகக் கூறினான். 'பைனல் பான்டசி' என்னும் யப்பானிய விளையாட்டு வரிசையின் நான்காவது 1991இல் அமெரிக்காவிலே இரண்டாவது என்ற எண்ணோடும், ஆறாவது 1994இல் மூன்றாவது என்ற எண்ணோடும் வெளிவந்தனவாம். இடைப்பட்டவை அக்காலத்தில் அங்கே விற்பனைக்கு வராமையே அதற்குக் காரணமாம். உவமை பொருத்தமானதே. ஒரு வரிசையின் உள்முறை வேறு. அது உலகத்துக்கு வந்து சேர்ந்த முறை வேறு. இவ்விரண்டையும் ஒன்றென மயங்குவோர் வரலாற்றிலே வழுக்குவர். தொல்காப்பியம் அச்சேறிய வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

தொல்காப்பியம் எழுத்து, சொல், பொருள் என மூன்று அதிகாரங்களை உடையது. ஒவ்வோர் அதிகாரத்துக்கும் ஒன்பது இயல்களாக இருபத்தேழு இயல்கள். இதற்கு இளம்பூரணர், சேனாவரையர், பேராசிரியர், நச்சினார்க்கினியர், தெய்வச்சிலையார், கல்லாடர் ஆகியோர் உரை கண்டனர். ஆனால் எல்லாரும் எல்லாப் பகுதிக்கும் உரை எழுதினாரல்லர். எழுதியவையும் முழுமையாகக் கிடைத்தில. ஆகவே தொல்காப்பியம் ஒரே நூலாக ஒரு நாளில் அச்சேறவில்லை. ஓர் அதிகாரமும் ஓர் உரையுமாகத் துண்டு துண்டாகவே அது ஏட்டிலிருந்து தாளுக்கு வந்தது.

முதலில் வந்தது எழுத்ததிகாரம். மழவை மகாலிங்கையர் அதனை நச்சினார்க்கினியர் உரையோடு 1847-48 அளவில் சென்னையிலே பதிப்பித்தார். அடுத்து இருபதாண்டு இடைவெளி. பின்னர் 1868ஆம் ஆண்டிலே மூன்று பதிப்புகள் ஒருங்கே தோன்றின. சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள், நல்லூர் ஆறுமுக நாவலர் அவர்கள் பரிசோதித்த சேனாவரையத்தைச் சொல்லதிகாரத்துக்கு வெளியிட்டார்கள். அதே சேனாவரையத்தை அதே ஆண்டிலே கோமளபுரம் இராசகோபாலபிள்ளையும் வெளியிட்டார். எழுத்ததிகார இளம்பூரணத்தைச் சுப்பராய செட்டியார் பதிப்பித்தார். ஆதலின், '1868ஆம் ஆண்டுச் சேனாவரையம்' என்று ஒருவர் குறிப்பெழுதினால், எவருடைய பதிப்பு என்ற வினா உடனே எழுகின்றது.

பொருளதிகாரமோ அதுகாறும் அச்சைக் காணவில்லை. ஏடுகள் அருகின, இருந்தவையும் செல்லுக்கும் சிதைவுக்கும் இரையாகிக்கொண்டிருந்தன. வட்டுக்கோட்டைச் செமினரியிற் கற்று, 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவருள் ஒருவராக விளங்கிய தாமோதரம்பிள்ளை அவர்கள், தமக்குக் கிடைத்த ஏடுகளை ஒப்புநோக்கி, 1885இல் பொருளதிகாரத்தை நச்சினார்க்கினியர் உரை எனப் பெயரிட்டு வெளியிட்டார்கள். பின்னர் 1891இல் எழுத்ததிகாரத்தையும் 1892இல் சொல்லதிகாரத்தையும் நச்சினார்க்கினியர் உரையோடு தந்தார்கள். மூன்றாம் அதிகாரம் முதலிலும், முதலாம் அதிகாரம் இடையிலும், இரண்டாம் அதிகாரம் இறுதியிலும் வந்தமையை நோக்குக.

இங்கே நம்மவர் இடையே நிலவும் ஒரு கருத்தைத் திருத்துதல் வேண்டும். தொல்காப்பியம் முழுவதையும் முதன்முதல் அச்சிட்டவர் தாமோதரம்பிள்ளையே என மேடைகளிற் கூறக் கேட்கின்றோம். பொருளதிகாரத்தைப் பொறுத்தவரை அக்கூற்று உண்மை. எழுத்ததிகாரத்திலோ மகாலிங்கையர் அவருக்கு நாற்பதாண்டுக்கு மேல் முந்தியவர். இதைக் கூறுவதால் சிறுப்பிட்டிப் பெரியாரின் புகழ் குன்றாது. பிறர் அஞ்சி விடுத்த பகுதியை எடுத்து அழிவினின்றும் காத்தமையே அவர் பெருமை. இல்லாத புகழை ஏற்றினால், உள்ள புகழையும் உலகம் ஐயுறும்.

அவசர காலத்துப் பதிப்பில் ஒரு வழுவும் நேர்ந்தது. 1885ஆம் ஆண்டுப் பதிப்பிலே ஒன்பது இயல்களின் உரையும் நச்சினார்க்கினியர் பெயராலேயே வந்தது. உண்மையில் மெய்ப்பாட்டியல், உவமவியல், செய்யுளியல், மரபியல் என்னும் பின்னான்கு இயல்களின் உரை பேராசிரியருடையது. இருவேறு ஆசிரியரின் உரைகள் ஏடுகளில் ஒன்றாய்த் தொடர்ந்திருந்தமையால் வந்த மயக்கம் இது. அப்பதிப்பை மட்டும் நம்பிய ஒரு தலைமுறையினர் பேராசிரியர் கூற்றை நச்சினார்க்கினியர் கூற்றாக எடுத்தாண்டனர்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மதுரைத் தமிழ்ச்சங்கத்தின் 'செந்தமிழ்' இதழிலே ரா. இராகவையங்கார் அவர்கள் இவ்வுண்மையை ஆராய்ந்து நிறுவினார்கள். செய்யுளியலுக்கு நச்சினார்க்கினியர் எழுதிய உரை வேறாகக் கிடைத்து, 1917இல் அவராலேயே அச்சேறியது. ஓர் இயலுக்கு ஒருவரே இருவேறு உரை எழுதியிரார் அன்றோ? பவானந்தம்பிள்ளை 1916, 1917 ஆகிய ஆண்டுகளில் பொருளதிகாரத்தைப் பதிப்பித்தபோது, பின்னான்கியலுரை பேராசிரியர் பெயரைப் பெற்றது.

உரையாசிரியருள் காலத்தால் முந்திய இளம்பூரணரின் கதை இன்னும் வியப்புடையது. அவர் உரையின் எழுத்துப் பகுதி 1868இலும், சொற்பகுதி 1927இல் கா. நமச்சிவாய முதலியாராலும், பொருட்பகுதி முழுவதும் 1935இல் வ. உ. சிதம்பரம்பிள்ளையாலும் வெளிவந்தன. ஓர் ஆசிரியர் தம் மூன்று அதிகார உரையோடும் அச்சுலகில் நிற்க அறுபத்தேழு ஆண்டுகள் சென்றன.

இவ்வளவு திருத்தமும் தேட்டமும் முடிந்தபின்னரே சுன்னாகத்துப் பதிப்பு எழுந்தது. 'ஈழகேசரி' அதிபர் நா. பொன்னையா அவர்களின் முயற்சியால், கணேசையர் குறிப்புக்களுடன் எழுத்ததிகாரம் 1937இலும், சொல்லதிகாரம் 1938இலும் வந்தன. பொருளதிகாரத்தின் பின்னான்கியல் பேராசிரியம் என்ற உரிய பெயரோடு 1943இலும், முன்னைந்தியல் நச்சினார்க்கினியத்தோடு 1948இலும் வெளியாயின. மாணவன் கையிலிருந்த இரண்டு நூல்களும் இவையே. அவன் அச்சுப்பிழை என்று கருதிய ஆண்டெண்ணுக்குப் பின்னால் ஒரு நூற்றாண்டு உழைப்பு நிற்கின்றது.

ஆகவே, 'தொல்காப்பியத்தின் முதற்பதிப்பு எது?' என்று எவரேனும் கேட்டால், விடை கூறுமுன் நாம் மூன்று வினாக்களை எழுப்புதல் வேண்டும். எந்த அதிகாரம்? எவர் உரை? எவர் பதிப்பு? இம்மூன்றும் தெளிந்தால் ஆண்டு தானே தெளியும்.

இன்னுமொன்று. புதிய பதிப்பு வந்துவிட்டதென்று பழையதை எறிந்துவிடலாகாது. 1885ஆம் ஆண்டுப் பதிப்பு வழுவுடையதாயினும், அவ்வழு எவ்வாறு தோன்றியது என்பதற்கு அதுவே சாட்சி. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் சாம்பராயின. அதனைக் கண்ட ஊரவராகிய நமக்கு ஒரு பழைய முகப்புத்தாளின் விலை தெரியும். உங்கள் வீட்டுப் பரணிலோ பெட்டகத்திலோ இத்தகைய பதிப்பொன்று கிடக்குமாயின், அதன் முகப்பைப் படித்துப் பாருங்கள். ஆண்டையும் பதிப்பாசிரியர் பெயரையும் குறித்து வையுங்கள். பின்னர் அதனை ஒரு நூலகத்திடம் ஒப்படையுங்கள்.