சட்டாம்பிள்ளை

"சட்டாம்பிள்ளை" என்ற சொல்லை யாராவது நல்ல அர்த்தத்தில் உபயோகித்து நீங்கள் கேட்டதுண்டா? "பெரிய சட்டாம்பிள்ளை, உத்தரவு போட வந்துவிட்டான்!" என்று மூத்த பையனைத் தாயார் கடிந்துகொள்ளும்போது காதில் விழும், அதோடு சரி. சொற்களுக்கும் ஜாதகம் உண்டு போலிருக்கிறது. சில சொற்கள் ஏழையாகப் பிறந்து பிற்பாடு பல்லக்கு ஏறுகின்றன. வேறு சில, பல்லக்கிலிருந்து இறங்கி வசவாகித் தெருவோடு போகின்றன. சட்டாம்பிள்ளை இரண்டாவது ரகம்.

பழைய திண்ணைப் பள்ளிக்கூடத்தில் உபாத்தியாயருக்கு அடுத்த ஸ்தானம் அவனுடையது. உபாத்தியாயர் ஒருவர், பிள்ளைகளோ பல வயதினர். ஒருவன் மணலில் 'அ' வரைந்துகொண்டிருப்பான். ஒருவன் ஓலையும் எழுத்தாணியுமாக இருப்பான். இன்னொருவன் எண்சுவடி ஒப்பிப்பான். இத்தனை பேருக்கும் ஒரு மனிதர் எப்படி ஈடுகொடுப்பார்? படிப்பில் முந்திய ஒரு பையனைச் சட்டாம்பிள்ளை ஆக்கிவிடுவார். புதிதாக வந்த குழந்தையின் பக்கத்தில் உட்கார்ந்து, அதன் விரலைத் தன் கைக்குள் பிடித்து, மணலில் எழுத்தின் சுழியையும் கொம்பையும் வரையச் செய்வது அவன் வேலை. அவன் முறை சொல்வான். மற்றவர்கள் திருப்பிச் சொல்வார்கள். உபாத்தியாயர் கண் அயர்ந்தால் பிரம்பையும் எடுப்பான். முறுக்கோ வெல்லக் கட்டியோ கைமாறினால் எடுத்த பிரம்பைக் கீழே வைப்பான். ஜனங்கள் விரலை மறந்துவிட்டுப் பிரம்பை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டார்கள். சொல்லின் கதி அப்படி ஆயிற்று.

இந்த முறை எவ்வளவு பழையது? பியெத்ரோ தெல்லா வாலே என்ற இத்தாலிய யாத்திரிகர் 1623-ஆம் வருஷம் கன்னட தேசத்து வழியாக வந்தார். ஒரு கோயில் முன்மண்டபத்தில் சிறுவர்கள் சிலர் தரையில் மெல்லிய மணலைப் பரப்பி, விரலால் எழுதி, ராகம் போட்டுக் கணக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். வாத்தியாரைக் காணோம். "நீங்கள் மறந்துபோனால் திருத்துவது யார்?" என்று கேட்டிருக்கிறார். ஒரே விஷயம் ஒரே சமயத்தில் எல்லாருக்கும் மறந்துபோகாது என்பது பிள்ளைகள் சொன்ன பதிலின் சாரம். உயர்ந்த மேடைகளில் கேட்ட கல்விச் சொற்பொழிவுகள் பலவற்றைவிட எனக்கு இந்தப் பதில் பிடித்திருக்கிறது.

அதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்குப் பிறகு இன்னொரு வெள்ளைக்காரர் இதே காட்சியைக் கண்டார். ஸ்காட்லாந்தில் 1753-இல் பிறந்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் 1787-இல் சென்னைக்கு வந்து, 1789-இல் எழும்பூர் அனாதைப் பள்ளியின் மேற்பார்வையை ஏற்றார். கும்பெனிப் பட்டாளத்துச் சிப்பாய்கள் விட்டுப்போன பிள்ளைகள் படித்த இடம் அது. ஒருநாள் குதிரை மேல் போய்க்கொண்டிருந்தவர், தமிழ்ப் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதுவதைப் பார்த்தார். திரும்பி வந்ததும் தம் பள்ளியின் கடைசி வகுப்புக்கு இப்படியே சொல்லிக் கொடுக்கும்படி உதவி வாத்தியாரிடம் சொன்னார். அந்த மனிதருக்கு அது அவமானமாகத் தோன்றியதோ என்னவோ, முடியாது என்று கை விரித்துவிட்டார். பெல் பிடிவாதக்காரர். சாதாரணச் சிப்பாய் ஒருவரின் மகனான ஜான் ஃபிரிஸ்கென் என்ற எட்டு வயதுப் பையனைக் கூப்பிட்டு அந்த வகுப்பை ஒப்படைத்தார். பெரியவரால் ஆகாத காரியம் சிறுவனால் ஆயிற்று.

பெல் 1796-இல் கப்பலேறினார். மறு வருஷம் லண்டனில் இதைப்பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். 'மதராஸ் முறை' என்று அதற்குப் பெயர் ஏற்பட்டது. ஜோசப் லங்காஸ்டர் என்பவரும் அதே காலத்தில் லண்டனில் இத்தகைய பள்ளி ஒன்றை நடத்தினார். யார் முதல் என்று இரு கட்சிக்காரரும் வருஷக்கணக்கில் சண்டை போட்டார்கள். கவிஞர் கோல்ரிட்ஜ் பெல்லின் பக்கம். லங்காஸ்டர் பள்ளியில் குற்றம் செய்த பையனைக் கூடையில் உட்கார்த்தி உத்தரத்திலிருந்து தொங்கவிடுவார்களாம். அதைக் கவிஞர் வெளுத்து வாங்கினார். பெல்லுக்கு ஜீவிய சரித்திரம் எழுத முற்பட்டவரும் ஒரு கவிஞர்தான், ராபர்ட் ஸௌதி. பெல் 1832-இல் காலமானபோது அவர் முறையில் நடந்த பள்ளிகள் 12,000-க்கு மேல். வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் ராஜாக்களுக்கு நடுவே அவரை அடக்கம் செய்தார்கள். செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரத்தில் அவர் பணத்தில் எழுந்த பள்ளிக்கு இன்றும் மதராஸ் கல்லூரி என்றே பெயர்.

ஆனால் கப்பலேறியது எது, இங்கே தங்கிவிட்டது எது என்று பார்க்கவேண்டும். பெல் திண்ணையில் கண்டது சிக்கனம். ஒரு வாத்தியார் சம்பளத்தில் நூறு பேருக்குப் பாடம்! தொழிற்சாலைகள் பெருகிய இங்கிலாந்துக்கு அதைவிட இனிப்பான செய்தி வேறு என்ன? நீண்ட கூடம், வரிசை வரிசையாகப் பெஞ்சுகள், வரிசைக்கு ஒரு சிறுவன், மணி அடித்தால் எல்லாரும் ஒரே சமயத்தில் எழுந்து நிற்பது என்று அது வளர்ந்தது. நம் திண்ணையில் நடந்ததோ வேறு. அங்கே பின்தங்கிய குழந்தைக்குப் பக்கத்தில் ஓர் ஆள் இருந்தான். அந்த நெருக்கம் மூட்டையில் கட்டி ஏற்றுமதி செய்யக்கூடிய சரக்கு அல்ல.

திண்ணையைப் பொன்னாக்கிப் பேசுவதும் எனக்குச் சம்மதமில்லை. கவர்னர் தாமஸ் மன்றோ 1822-இல் ராஜதானி முழுவதும் பள்ளிக்கணக்கு எடுக்கச் சொன்னார். 1826-இல் தொகுத்தபோது 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள் என்று கண்டது. ஜனத்தொகை சுமார் ஒரு கோடியே 28 லட்சம். பெண் குழந்தைகள் அபூர்வம். தாழ்த்தப்பட்டோர் பிள்ளைகளுக்குத் திண்ணை எட்டாத உயரம். மூத்த மாணவன் இளையவனுக்குச் சொல்லிக்கொடுக்கும் ஏற்பாட்டைப் பல்லாரிக் கலெக்டர் காம்பெல் மிகவும் பாராட்டி எழுதினார். என்றாலும் மன்றோவின் படிவத்தில் பள்ளிக்கு ஒரு கட்டம், ஜாதிவாரியாகப் பிள்ளைகளுக்குக் கட்டங்கள் உண்டே தவிர, சட்டாம்பிள்ளைக்குக் கட்டம் இல்லை. ஃபிரிஸ்கென் பெயராவது புஸ்தகத்தில் நின்றது. பெல்லின் குதிரைக்குப் பக்கத்தில் மணலில் எழுதிக்கொண்டிருந்த பையனின் பெயர் யாருக்கும் தெரியாது.

இதையெல்லாம் திருத்தணியில் வைத்து யோசிக்கத் தோன்றியதற்குக் காரணம் உண்டு. மன்றோ காலத்தில் அது வட ஆற்காட்டைச் சேர்ந்தது. 1911-இல் சித்தூர் ஜில்லா பிறந்தபோது அதில் சேர்ந்தது. 1953-இல் ஆந்திர ராஜ்யம் பிரிந்ததும் அந்தப் பக்கம் போயிற்று. ம.பொ.சி. முதலியோரின் வடக்கெல்லைப் போராட்டத்துக்கும், படாஸ்கர் தீர்ப்புக்கும் பின்னர் 1960 ஏப்ரல் 1-ந் தேதி சென்னை ராஜ்யத்துக்குத் திரும்பியது. பதிலுக்குச் சத்தியவேடு அந்தப் பக்கம் போயிற்று. முருகன் மலையை விட்டு நகரவில்லை. கீழே சர்க்கார்தான் மாறிக்கொண்டிருந்தது. சர்க்கார் மாறினால் பள்ளிக்கூடத்துக் கரும்பலகையின் எழுத்தும் மாறும் அல்லவா?

அந்தக் காலத்தில் மங்கலங்கிழார் என்ற தமிழாசிரியர் இந்த வட்டாரத்தில் ஊர் ஊராகப் போய்ப் பணம் வாங்காமல் தமிழ் கற்பித்தார். அவரிடம் படித்தவர்கள் வேறு ஊர்களில் போய்ச் சொல்லிக்கொடுத்தார்கள். பள்ளிக்கூடம் கைவிட்ட எழுத்தைப் பள்ளிக்கு வெளியே உட்கார்ந்து ஊட்டிய மனிதர். 1953-இல் மறைந்துவிட்டார், திருத்தணி திரும்பியதை அவர் பார்க்கவில்லை. செப்டம்பர் 5-ந் தேதி ஆசிரியர் தினம் கொண்டாடும்போது, ராதாகிருஷ்ணன் 1888-இல் பிறந்த ஊர் திருத்தணி என்று எல்லாரும் சொல்கிறோம். மங்கலங்கிழாரைச் சொல்வோர் குறைவு.

எல்லைக்கோடு வரைபடத்தில் நேராக ஓடும். வீடுகளுக்குள் அப்படி ஓடாது. பள்ளிப்பட்டுப் பக்கத்தில் தெலுங்கு பேசும் குடும்பங்கள் ஏராளம். 2006-ஆம் வருஷச் சட்டத்துக்குப் பிறகு அந்தக் குழந்தைகளும் முதல் வகுப்பிலிருந்து தமிழ் வாசிக்கவேண்டும். வாசிக்கட்டும், நல்லதுதான். ஆனால் அவர்கள் பக்கத்தில் உட்காருவது யார்?

கொரோனாவில் பள்ளிகள் ஒன்றரை வருஷம் போல மூடிக்கிடந்தன. 2021 அக்டோபர் 27-ந் தேதி 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கியது. மாலையில் தெருத் தெருவாகப் பிள்ளைகளைச் சேர்த்து உட்காரவைக்கத் தன்னார்வலர்கள் வந்தார்கள். சுமார் இரண்டு லட்சம் பேர், பெரும்பாலும் பெண்கள். மாதம் 1000 ரூபாய் கொடுத்தார்கள். தேவை அவ்வளவு பெரிதா என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு: 2022-இல் எடுத்த 'அசர்' ஆய்வில், தமிழ்நாட்டுக் கிராமங்களில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தவர்கள் 100-க்கு ஐந்து பேர்கூட இல்லை.

அந்த வருஷம் திருத்தணிக்கு வடக்கே ஒரு கிராமத்தில் இப்படிப்பட்ட மாலை வகுப்பு ஒன்றைப் பார்த்தேன். பன்னிரண்டு பதின்மூன்று குழந்தைகள், ஒரு பாய், சுவரில் சாய்த்த ஒரு பலகை. சொல்லிக்கொடுத்தவள் இருபத்தைந்து வயதுப் பெண். பிள்ளைகள் "அக்கா" என்று கூப்பிட்டார்கள். அது இரண்டு பாஷைக்கும் பொதுவாயிற்றே!

நான்காம் வகுப்புப் பையன் ஒருவன் எழுத்துக் கூட்டினான். "த... வ... ளை. தவளை." பிழையில்லை. ஆனால் முகத்தில் ஒன்றும் இல்லை. அவள் குனிந்து அவன் காதோடு, "கப்ப" என்றாள். பையனின் முகம் மலர்ந்துவிட்டது. தவளை போலவே ஒரு சத்தம் போட்டான்.

"இவன் படிக்கத் தெரியாத பையன் என்று எழுதி வைத்திருந்தாங்க ஐயா. எழுத்தெல்லாம் தெரியுது. சொல்லுதான் வீட்டிலே கிடையாது" என்றாள்.

அடுத்த சொல்லை அவன் "Bப" சேர்ந்த கனத்த ஒலியோடு வாசித்தான். பல்லிக்குத் தெலுங்கிலும் அதே பெயர்தான், முதல் எழுத்தைக் கொஞ்சம் அழுத்திச் சொல்வார்கள். "சொல் ஒன்றுதான்டா, தமிழிலே உதட்டை லேசாக வை" என்றாள். அந்த ஒலிக்கும் இந்த ஒலிக்கும் தமிழில் ஏன் ஒரே எழுத்து என்று அவன் கேட்டான். தெலுங்கிலே தனித்தனி எழுத்து உண்டு. காதில் இரண்டாக விழுவது கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தால் குழந்தை கேட்காமல் என்ன செய்யும்? அவள் சளைக்கவில்லை. பலகையில் "பல்லி" என்றும் "கம்பு" என்றும் எழுதி, இரண்டையும் அவனையே சொல்லச் சொன்னாள். நாலாவது தடவை அவனே வித்தியாசத்தைக் கண்டுபிடித்துவிட்டான்.

பிள்ளைகள் கலைந்த பிறகு ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து, அவன் பெயருக்கு நேரே தேதி போட்டு எழுதிக்கொண்டாள்: "எழுத்து தெரியும். சொல் சேர்க்க வேண்டும். நாளைக்குப் பறவைகள்."