ஸ்பிட்ஸ்பெர்கன்: பனிக்கடியில் நிலக்கரி

நார்வேக்கு வடக்கே, வடதுருவத்தை நெருங்கிக் கிடக்கும் ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தின் பெரிய தீவு ஸ்பிட்ஸ்பெர்கன். 1596இல் டச்சு மாலுமி வில்லெம் பாரென்ட்ஸ் இதைக் கண்டார். கூரிய மலைகள் என்பதே பெயரின் பொருள்.

முதலில் ஆட்களை இழுத்தது திமிங்கிலம். 17ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் அருகிலுள்ள ஸ்மீரன்பர்க் கரையில் பெரிய செப்புக் கொப்பரைகளில் அதன் கொழுப்பை உருக்கினார்கள். சிந்திய கொழுப்பு மணலோடு கலந்து கல்லாய் இறுகி, அடுப்புகள் இருந்த இடத்தில் இன்றும் வளையங்களாகத் தெரிகிறது. சில தலைமுறைகளில் அந்தக் கடலில் அவர்கள் வேட்டையாடிய திமிங்கிலம் ஏறக்குறைய அற்றுப்போனது.

அடுத்தது நிலக்கரி. மரமே இல்லாத இம்மண்ணில் அகன்ற இலைகளின் தடம் பதிந்த கற்கள் கிடைக்கின்றன. சுமார் 6 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே நின்ற காடுகளே நிலக்கரியாயின. 1906இல் அமெரிக்கர் ஜான் மன்ரோ லாங்இயர் சுரங்கம் தொடங்கினார். லாங்இயர்பியன் நகரம் அவர் பெயரைத் தாங்குகிறது. நிமிர்ந்து நிற்க முடியாத அடுக்குகளில் தொழிலாளர்கள் படுத்தும் தவழ்ந்தும் வெட்டினார்கள்.

இத்தீவுக்கூட்டம் குறித்த 1920ஆம் ஆண்டு ஒப்பந்தம் ஆட்சியுரிமையை நார்வேக்கும், தொழில் செய்யும் சம உரிமையைக் கையெழுத்திட்ட நாடுகள் அனைத்துக்கும் கொடுத்தது. பிரிட்டிஷ் ஆட்சியிலிருந்த இந்தியாவும் அதில் சேர்ந்தது.

1962இல் இத்தீவின் நி-ஒலெசுண்ட் ஊரில் நடந்த சுரங்க வெடிப்பில் 21 பேர் மாண்டனர். அதன் எதிரொலியாக மறு ஆண்டு நார்வே அரசே கவிழ்ந்தது. அதே ஊரில் 2008 முதல் இந்தியாவின் ஹிமாத்ரி ஆய்வு நிலையம் இயங்குகிறது. நார்வேயின் கடைசி நிலக்கரிச் சுரங்கம் 2025இல் மூடப்பட்டது.