கடைசிப் பக்கத்தின் சிக்கல்: குழந்தைப் பாடல்களை விரித்துரைக்கும் ஆங்கிலப் படநூல்கள்

குழந்தைப் பாடலுக்கு முடிவு கிடையாது. பாடி முடித்ததும் பிள்ளை இன்னொரு தரம் கேட்கும். பாட்டு முதல் அடிக்கே திரும்பிவிடும். புத்தகம் அப்படியன்று. அதற்குக் கடைசிப் பக்கம் உண்டு. அங்கே எதையாவது காட்டித்தான் ஆக வேண்டும். ஆறடிப் பாடலைப் படநூலாக விரிப்பவர் எத்தனை அடிகளைச் சேர்த்தார் என்பதைக் காட்டிலும், அந்தக் கடைசிப் பக்கத்தை என்ன செய்தார் என்பதே நூலின் தகுதியைத் தீர்மானிக்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

இவ்வகை நூலுக்கு உருவம் கொடுத்தவர் இங்கிலாந்து ஓவியர் ராண்டால்ஃப் கால்டெகாட். 1878 முதல் ஆண்டுக்கு இரண்டாக அவர் வரைந்த நூல்களை ரௌட்லெட்ஜ் பதிப்பகம் ஒரு ஷில்லிங் விலையில் விற்றது. மரக்கட்டை அச்சில் அவற்றுக்கு வண்ணம் பதித்தவர் எட்மண்ட் எவன்ஸ். வண்ணப் படங்களுக்கு இடையே பழுப்பு மையில் கோட்டோவியங்கள் ஓடும். பாட்டின் சொல் நின்ற இடத்தில் கோடு கதையை எடுத்துக்கொள்ளும்.

1882இல் வந்த அவருடைய ‘ஹே டிடில் டிடில்’ இதற்குத் தலையாய சான்று. பூனை பிடில் வாசிக்கிறது, பசு நிலாவைத் தாண்டுகிறது, நாய்க்குட்டி சிரிக்கிறது, தட்டு கரண்டியோடு ஓடிப்போகிறது. பாட்டு அவ்வளவுதான். பக்கத்தைப் புரட்டினால், சொல்லே இல்லாத ஒரு படம். தட்டு துண்டுதுண்டாகக் கிடக்கிறது. கரண்டியைக் கத்தியும் முள்கரண்டியும் பெற்றோர்போல் இரு பக்கமும் பிடித்து இழுத்துச் செல்கின்றன. ஓடிப்போன காதலுக்கு ஊர் தரும் தண்டனையை ஓர் அடியும் சேர்க்காமல் கால்டெகாட் வரைந்துவிட்டார்.

அதே நூலில் உள்ள ‘பேபி பன்ட்டிங்’ இன்னும் ஆழமானது. குழந்தையைப் போர்த்த முயல்தோல் தேடி வேட்டைக்குப் போன தகப்பனுக்கு ஒன்றும் சிக்கவில்லை. முயல்தோலைக் கடையில் வாங்கி வருகிறான். அதைப் போர்த்திக்கொண்ட குழந்தை கடைசிப் படத்தில் உயிருள்ள முயல்களைத் திகைத்துப் பார்க்கிறது. தன்மேல் கிடப்பது எது என்று அதற்குப் புரியத் தொடங்குகிறதோ என்று படநூல் கலைஞர் மோரிஸ் சென்டாக் இப்படத்தைப் படித்துக் காட்டியிருக்கிறார். பாட்டுக்குள் ஏற்கெனவே இருந்த குரூரம் இது. கால்டெகாட் அதைக் கண்டுபிடித்தார், புகுத்தவில்லை.

அடி சேர்ப்பதே தவறு என்று நான் சொல்வதாகக் கொள்ளவேண்டாம். 1805இல் சாரா கேதரின் மார்ட்டினின் பெயரோடு சேர்ந்து வந்த ‘ஓல்டு மதர் ஹப்பர்டு’ அடி மேல் அடியாக நீண்டு செல்வது. கிழவி கடைக்குப் போகிறாள், திரும்பி வருகிறாள், நாய் எதையாவது செய்துகொண்டிருக்கிறது. செத்துக் கிடந்த நாய், அவள் சவப்பெட்டி வாங்கி வருவதற்குள் சிரிக்கிறது. ஏன் என்பதற்கு விளக்கம் இல்லை. இறுதியில் இருவரும் ஒருவரையொருவர் வணங்கிக்கொள்கிறார்கள். கூத்து முடிந்து நடிகர் அவையை வணங்குவதுபோல. அது முடிவாகவும் இருக்கிறது, மறுபடி தொடங்க இடமும் விடுகிறது.

இதே முறையில் ஐஸா டிரபானி 1993இல் ‘இட்ஸி பிட்ஸி ஸ்பைடர்’ என்ற, விரல்களை அசைத்துப் பாடும் சிலந்திப் பாடலை நீட்டினார். சுவரில் ஏறும் சிலந்தியை மின்விசிறி தள்ளுகிறது; வாளியிலும் சாய்நாற்காலியிலும் மரத்திலும் தடைகள் தொடர்கின்றன; கடைசியில் அது மரத்தின் உச்சியை அடைந்து வலை பின்னி அமர்கிறது. படங்கள் கனிவானவை, பிள்ளைகள் விரும்புவதில் வியப்பில்லை. ஆனால் மூலப்பாடலில், மழையில் அடித்து விழுந்த சிலந்தி மறுபடியும் ஏறத் தொடங்குவதோடு பாட்டு நிற்கிறது. விரல்களும் கூடவே மறுபடி ஏறுகின்றன. அந்தச் சுழற்சிதான் பாட்டின் உயிர். டிரபானி அதை விடாமுயற்சிக்குக் கிடைத்த பரிசாக மாற்றி, சுழற்சியை அறுத்துவிட்டார்.

அதே ஆண்டு வெளிவந்த சென்டாக்கின் ‘வீ ஆர் ஆல் இன் தி டம்ப்ஸ் வித் ஜாக் அண்ட் கை’ இரண்டு பழம்பாடல்களை இணைத்து, அட்டைப்பெட்டிகளிலும் செய்தித்தாள்களிலும் ஒண்டிக்கிடக்கும் வீடற்ற பிள்ளைகளிடம் கொண்டுவந்தது. எலிகளிடமிருந்து சிறுவன் ஒருவன் மீட்கப்படுகிறான். ஆனாலும் யாருக்கும் வீடு கிடைப்பதில்லை. வெட்டவெளியிலேயே உறங்குகிறார்கள். குழந்தை நூலுக்கு இந்த இருள் தேவையா என்று கேட்போர் உண்டு. பழம்பாடல்களில் பசியும் அடியும் சாவும் எப்போதும் இருந்தன என்பதே அவர்களுக்கு விடை.

மினி கிரேயின் ‘தி அட்வென்ச்சர்ஸ் ஆஃப் தி டிஷ் அண்ட் தி ஸ்பூன்’ (2006) பாட்டு முடியும் இடத்தில் தொடங்குகிறது. ஓடிப்போன இருவரும் அமெரிக்க மேடைகளில் புகழ் பெறுகிறார்கள், கடனில் விழுந்து வங்கியைக் கொள்ளையடிக்கிறார்கள், தட்டு உடைகிறாள், கரண்டிக்கு 25 ஆண்டுச் சிறை. பின்னர் பழம்பொருள் கடை ஒன்றில் சந்திக்கிறார்கள். இதுவும் மகிழ்ச்சியான முடிவுதானே, டிரபானிக்கு மறுத்ததை இவருக்கு ஏன் தரவேண்டும் என்று கேட்கலாம். கிரே பாட்டுக்குள் கைவைக்கவில்லை; பசு ஏன் தாண்டியது என்று அவர் காரணம் தேடவும் இல்லை. அவர் தரும் மகிழ்ச்சிக்கு உடைசலும் கால் நூற்றாண்டும் விலையாகக் கொடுக்கப்பட்டுள்ளன. கால்டெகாட் துண்டுகளாகக் கிடத்திய தட்டின் கதையைத் தொடரத் துணிந்த நூல் இது. அவருக்குப் பின் வந்த விரிவாக்கங்களில் இதையே முதலிடத்தில் வைப்பேன்.