படகு மோட்டாரின் இழுகயிறு

படகின் பின்பலகையில் மாட்டப்படும் அவுட்போர்டு மோட்டாரைக் கையால் இழுத்து இயக்கும் அமைப்பு ரிகாயில் ஸ்டார்ட்டர் எனப்படும். இழுத்த கயிறு தானாகவே உள்ளே சுருண்டுகொள்வது இதன் சிறப்பு. இந்த மோட்டார் பிறந்த காலத்தில் இவ்வசதி இல்லை.

நார்வேயில் 1877இல் பிறந்து, சிறு வயதிலேயே அமெரிக்காவில் குடியேறிய ஓலே எவின்ரூட், மில்வாக்கி நகரில் தாம் உருவாக்கிய மோட்டாரை 1909இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். வருங்கால மனைவி பெஸ்ஸுக்காக ஏரியைத் துடுப்பிட்டுக் கடந்து அவர் வாங்கிவந்த ஐஸ்கிரீம் வழியிலேயே உருகியதுதான் தூண்டுதல் என்று சொல்லப்படுகிறது. டெட்ராய்ட்டைச் சேர்ந்த கேமரான் வாட்டர்மன் அவருக்கு முன்பே இத்தகைய மோட்டாரை விற்றவர். ஐஸ்கிரீம் கதை இல்லாததாலோ என்னவோ, அவரை நினைவில் வைத்திருப்போர் குறைவு.

எவின்ரூட்டின் முதல் மோட்டார்களில் ஃபிளைவீலின் மேல் ஒரு குமிழ் இருந்தது. அதைப் பிடித்துச் சுழற்ற வேண்டும். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் குமிழும் சேர்ந்து சுழலும். கையை எடுக்கத் தாமதித்தால் விரல் முட்டி பெயரும். அடுத்து வந்தது தனிக்கயிறு. கயிற்றின் முனையில் இட்ட முடிச்சை ஃபிளைவீலின் வெட்டில் மாட்டி, இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி இழுத்தால், கயிறு முழுவதும் கழன்று கையோடு வந்துவிடும். விரல் தப்பியது, ஆனால் பின்னால் உட்கார்ந்திருப்பவர் மேல் கயிறு சாட்டையாய் விழும். எஞ்சின் ஓடும்வரை ஒவ்வொரு முறையும் புதிதாகச் சுற்றவும் வேண்டும். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஆண்டுகளில்தான் தானே சுருளும் கயிறு சிறிய மோட்டார்களில் பொதுவானது.

இதன் உள்ளே ஒரு கப்பி, பட்டையான எஃகுச் சுருள்வில், பிடிநாக்குகள் ஆகியவை உள்ளன. கயிற்றை இழுக்கும்போது நாக்குகள் வெளியே நீண்டு ஃபிளைவீலைப் பற்றும். எஞ்சின் ஓடியதும் அவை விலகும். சுருள்வில் கயிற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

பழைய மோட்டாரில் பிடியை இழுத்தும் எஞ்சின் சுழலவில்லை என்றால், பெரும்பாலும் இறுகிப்போன கிரீஸில் நாக்குகள் ஒட்டியிருக்கும். துடைத்துச் சுத்தம் செய்தாலே போதும். மீண்டும் கெட்டியான கிரீஸைத் தடவுவதுதான் பலர் செய்யும் தவறு. இழுத்த கயிறு உள்ளே போகவில்லை என்றால் சுருள்வில்லைப் பார்க்க வேண்டும். அதன் முனைக் கொக்கிதான் அடிக்கடி ஒடியும். புதிய வில் கிடைக்காதபோது, முனையை மட்டும் சிவக்கக் காய்ச்சி வேறு கொக்கி வளைத்துக்கொள்வர்.

ஆபத்தும் அங்கேதான். இறுக்கத்தைத் தளர்த்தாமல் கப்பியைத் தூக்கினால், பல அடி நீள எஃகுப் பட்டை முகத்தை நோக்கிப் பாயும். முதலில் ஸ்பார்க் பிளக் கம்பியைக் கழற்ற வேண்டும். கண்ணாடியும் கையுறையும் அணிந்து, கப்பியைப் பிடித்தபடி சுற்றுச் சுற்றாக விட்டுத்தான் பிரிக்க வேண்டும்.

புதுக் கயிறு பழையதன் பருமனும் நீளமும் உள்ள நைலான் பின்னல் கயிறாக இருப்பது நல்லது. அதை மாட்டும்போது சுருள்வில்லுக்கு முன்கூட்டியே சில சுற்று முறுக்குத் தர வேண்டும். முறுக்குக் குறைந்தால் பிடி தொங்கும். கூடினால் கயிறு முழுதும் வெளிவருமுன் வில் இறுகி ஒடியும். கயிற்றை முழுவதும் இழுத்த பிறகும் கப்பி கையால் இன்னும் சிறிது சுழன்றால் அளவு சரி.

ஏரி நடுவில் ஸ்டார்ட்டர் கைவிட்டால்? பல மோட்டார்களில் மேல்மூடியைக் கழற்றினால், தனிக்கயிற்றுக் காலத்து வெட்டு ஃபிளைவீலில் இன்றும் இருக்கும். முடிச்சிட்ட ஒரு கயிறு படகில் இருந்தால் கரை சேரலாம்.