ஒரு மலை, மூன்று ஆறுகள்: திருவனந்தபுரத்தில் உச்சி முதல் கடல் வரை காண வேண்டியவை

திருவனந்தபுரம்: கேரளத் தலைநகருக்கு வரும் தமிழகப் பயணிகளில் பெரும்பாலானோர் பத்மநாப சுவாமி கோயிலையும் கோவளம் கடற்கரையையும் கண்டு திரும்பிவிடுகின்றனர். நகரின் கிழக்கே, மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியில், அகத்தியர் மலைத்தொடர் அமைந்துள்ளது. நெய்யாறு, கரமனை, வாமனபுரம் ஆகிய மூன்று ஆறுகள் இத்தொடரில் தோன்றி மேற்கு நோக்கி ஓடி அரபிக் கடலைச் சேர்கின்றன. நெய்யாறு 56 கி.மீ., கரமனை 68 கி.மீ., வாமனபுரம் 88 கி.மீ. நீளம் கொண்டவை. மலையிலிருந்து கடலுக்கு உள்ள தொலைவு குறைவு என்பதால், காலையில் காட்டருவியைப் பார்த்தவர் மாலையில் அதே ஆறு கடலில் கலக்கும் இடத்தைப் பார்க்க முடியும்.

இந்த ஆறுகளையொட்டிய இடங்கள் பலவற்றுக்கும் அழகைத் தவிர வேறொரு பொதுத்தன்மை உண்டு. அங்கே யார் செல்லலாம், யார் செல்லக் கூடாது என்ற கேள்வி அவற்றின் வரலாற்றில் திரும்பத் திரும்ப எழுந்துள்ளது. ஓரிடத்தில் அது 1888-இல் எழுந்தது. மற்றோரிடத்தில் 2019-இல்தான் விடை கிடைத்தது.

எரிமலை அல்ல

கூர்மையான கரும்பாறைச் சிகரங்களைக் கண்டு இவை பழைய எரிமலைகளாக இருக்கக்கூடும் எனக் கருதுவோர் உண்டு. அது சரியன்று. மேற்குத் தொடர்ச்சி மலையின் வடபகுதி, குறிப்பாக மகாராஷ்டிரத்தில், சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் வழிந்தோடிய எரிமலைக் குழம்பு உறைந்து உருவானது. தென்பகுதியோ சார்னக்கைட், கோண்டலைட் எனப்படும் உருமாறிய பாறைகளால் ஆனது. பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறிய இப்பாறைகளின் வயது 50 கோடி ஆண்டுகளுக்கும் அதிகம். இங்குள்ள அருவிகள் இந்தக் கடினப் பாறைகளின் மேல்தான் விழுகின்றன.

அகத்தியர்கூடம்

தொடரின் உச்சியான அகத்தியர்கூடம் 1,868 மீட்டர் உயரம் கொண்டது. தமிழ் இலக்கணத்தின் முதல் ஆசானாக மரபு போற்றும் அகத்தியர் இங்கு வாழ்ந்ததாக நம்பிக்கை நிலவுகிறது. உச்சியில் அவரது சிலை உள்ளது. மலையின் கிழக்குச் சரிவு தமிழ்நாட்டைச் சேர்ந்தது. பொதிகை எனத் தமிழர் அழைக்கும் அப்பகுதியில்தான் தாமிரபரணி பிறக்கிறது. இரு மாநிலங்களிலும் பரவியுள்ள அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகம் 2001-இல் அமைக்கப்பட்டது. 2016-இல் யுனெஸ்கோவின் உலக உயிர்க்கோளக் காப்பக வலையமைப்பில் சேர்க்கப்பட்டது. அதன் பரப்பு சுமார் 3,500 சதுர கி.மீ.

உச்சிக்கான நடைப்பயணம் ஆண்டுதோறும் ஜனவரி நடுப்பகுதியில் தொடங்கிச் சில வாரங்கள் மட்டும் நடைபெறுகிறது. கேரள வனத்துறையிடம் முன்பதிவு செய்தவர்களே அனுமதிக்கப்படுகின்றனர். நாளொன்றுக்குச் செல்வோர் எண்ணிக்கைக்கும் வரம்பு உண்டு. போணக்காட்டிலிருந்து புறப்பட்டு, அதிருமலை முகாமில் இரவு தங்கி, மறுநாள் உச்சி ஏறுவது வழக்கம். கடைசிப் பகுதியில் வழுக்கும் பாறைகளில் கயிற்றைப் பிடித்து ஏற வேண்டியிருக்கும். உடல்தகுதி இல்லாதவர்களுக்கு இது உகந்த பயணம் அல்ல.

பல ஆண்டுகளாகப் பெண்களுக்கு இந்த உச்சி மறுக்கப்பட்டிருந்தது. அகத்தியர் பிரம்மச்சாரி என்றும், சிலைக்கு அருகே பெண்கள் செல்வது மரபுக்கு எதிரானது என்றும் மலையில் வாழும் காணி பழங்குடியினர் கூறிவந்தனர். பெண் அமைப்புகள் தொடுத்த வழக்கில் 2018 நவம்பரில் கேரள உயர் நீதிமன்றம் இந்தப் பாகுபாட்டை ஏற்க மறுத்தது. 2019 ஜனவரியில், பாதுகாப்புத் துறையின் செய்தித் தொடர்பாளராகப் பணியாற்றிய தன்யா சனல் உச்சியை அடைந்தார். தீர்ப்புக்குப் பின் அங்கு சென்ற முதல் பெண் அவர். காணி மக்கள் போணக்காட்டில் அமர்ந்து பாட்டும் வழிபாடுமாகத் தங்கள் எதிர்ப்பைத் தெரிவித்தனர்; வழியை மறிக்கவில்லை. நீதிமன்றத் தீர்ப்பையும் மலைமக்களின் நம்பிக்கையையும் பற்றிய விவாதத்தில் இந்தக் கண்ணியம் அதிகம் பேசப்படவில்லை.

புறப்படும் இடமான போணக்காட்டில் ஆங்கிலேயர் காலத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்று உள்ளது. அங்குள்ள பழைய பங்களாவில் பேய் உலவுவதாகப் பரவிய கதையை நம்பி இளைஞர்கள் பலர் வருகின்றனர். தோட்டம் முடங்கியதால் வருமானம் இழந்த தொழிலாளர்களின் லயங்கள் அதே சாலையில்தான் இருக்கின்றன.

காணி மக்களும் ஒரு சிறு செடியும்

1987-இல் இம்மலையில் ஆய்வுக்காக நடந்த விஞ்ஞானிகள், தங்களுக்கு வழிகாட்டிய காணி இளைஞர்கள் ஒரு செடியின் காய்களைத் தின்றுகொண்டு சோர்வின்றி நடப்பதைக் கவனித்தனர். ஆரோக்கியப்பச்சை என அழைக்கப்படும் அச்செடியிலிருந்து ‘ஜீவனி’ என்ற மருந்து பின்னர் உருவாக்கப்பட்டது. பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா மற்றும் ஆராய்ச்சி நிறுவனம் 1995-இல் இதன் தயாரிப்பு உரிமையைக் கோவையைச் சேர்ந்த ஆயுர்வேத நிறுவனத்துக்கு 10 லட்சம் ரூபாய்க்கு வழங்கியது. விற்பனையில் 2 சதவீத உரிமத் தொகையும் பேசப்பட்டது. இரண்டிலும் பாதி காணி மக்களுக்கு உரியது என முடிவாகி, அதற்காக 1997-இல் ஓர் அறக்கட்டளை பதிவு செய்யப்பட்டது.

பழங்குடியினரின் அறிவுக்கு வணிகப் பயனில் பங்கு தரப்பட்ட தொடக்ககால முயற்சிகளில் ஒன்றாக இது உலகளவில் குறிப்பிடப்படுகிறது. ஆனால் நடைமுறை எளிதாக இருக்கவில்லை. வனத்திலிருந்து செடியைச் சேகரிக்க வனத்துறையின் அனுமதி பெறுவதில் சிக்கல் எழுந்தது. இந்த அறிவு காணிகள் அனைவருக்கும் பொதுவானதா, அதைப் பகிரும் உரிமை யாருக்கு உண்டு என்பதிலும் அச்சமூகத்துக்குள் கருத்து வேறுபாடு தோன்றியது. 1979-இல் தொடங்கப்பட்டு சுமார் 300 ஏக்கரில் பரந்துள்ள பாலோடு பூங்காவைப் பொதுமக்கள் பார்வையிடலாம். பொன்முடி செல்வோர் சற்று வழிமாறிச் சென்று இதையும் காணலாம்.

நெய்யாறு: அணை, அருவிப்புரம், பூவார்

மூன்றில் தென்கோடி ஆறு நெய்யாறு. 1958-இல் கட்டி முடிக்கப்பட்ட நெய்யாறு அணையின் நீர்த்தேக்கத்தில் படகுச் சவாரி உண்டு. அருகே கோட்டூர் காப்புக்காட்டில் யானைகள் மறுவாழ்வு மையம் இயங்குகிறது. கன்னியாகுமரி மாவட்டத்தினருக்கு இந்த அணை வேறொரு காரணத்தால் நன்கு தெரியும். இதன் இடதுகரைக் கால்வாய் மூலம் விளவங்கோடு வட்டத்து வயல்களுக்கு வந்துகொண்டிருந்த நீர் 2004-இல் நிறுத்தப்பட்டது. இதனை எதிர்த்துத் தமிழ்நாடு அரசு 2012-இல் உச்ச நீதிமன்றத்தை நாடியது.

அணைக்குக் கீழே, நெய்யாற்றின்கரை நகரை அடுத்துள்ள அருவிப்புரத்தில் ஆறு பாறைகளுக்கிடையே சிறு அருவியாகப் பாய்கிறது. 1888 சிவராத்திரியன்று ஸ்ரீ நாராயண குரு இந்த ஆற்றின் கயத்தில் மூழ்கி ஒரு கல்லை எடுத்துவந்து, கரைப்பாறையில் சிவலிங்கமாக நிறுவினார். ஈழவ சமூகத்தில் பிறந்த ஒருவர் சிவனைப் பிரதிஷ்டை செய்வது அக்காலத்தில் நினைத்துப் பார்க்க இயலாத செயல். கோயில்களில் நுழையவே அச்சமூகத்தினருக்கு அனுமதி இல்லை. கேள்வி கேட்டவர்களிடம், தாம் நிறுவியது ஈழவச் சிவன் என அவர் பதிலளித்ததாகச் சொல்லப்படுகிறது. சாதி, மத வேறுபாடின்றி அனைவரும் உடன்பிறப்புகளாக வாழும் இடம் இது என்ற பொருளில் அவர் எழுதிய வாசகம் கோயிலில் பொறிக்கப்பட்டுள்ளது. இங்கு உருவான கோயில் அமைப்பே 1903-இல் ஸ்ரீ நாராயண தர்ம பரிபாலன யோகமாக வளர்ந்தது. திருவிதாங்கூர் அரசு தன் கோயில்களை அனைத்து இந்துக்களுக்கும் திறந்துவிட்டது 1936 நவம்பர் 12 அன்றுதான்; அருவிப்புரம் நிகழ்வுக்குப் பின் 48 ஆண்டுகள் கடந்திருந்தன.

குருவுக்குத் தமிழுடன் நெருங்கிய தொடர்பு இருந்தது. தமிழில் பதிகங்கள் பாடிய அவர், திருக்குறளின் ஒரு பகுதியை மலையாளத்தில் மொழிபெயர்த்துள்ளார். குமரி மாவட்டத்து மருத்துவாழ்மலையில் தவம் செய்தவர் என்பதால் இரு மாநில எல்லைப்புற மக்களும் அவரைத் தம்மவராகவே கருதுகின்றனர். சிவராத்திரி நாளில் அருவிப்புரத்தில் பெருங்கூட்டம் கூடும். மற்ற நாட்களில் ஆற்றோசை மட்டுமே கேட்கும் அமைதியான இடம் இது. இம்மாவட்டத்தில் ஒரே ஓர் ஆற்றங்கரையைத்தான் பார்க்க நேரம் இருக்கிறது என்றால், அருவிப்புரத்தைத் தேர்ந்தெடுக்கலாம்.

நெய்யாற்றின்கரை கிருஷ்ணசுவாமி கோயில் வளாகத்தில் ‘அம்மச்சிப் பிலாவு’ எனும் பழைய பலாமரத்தின் எஞ்சிய பகுதி பாதுகாக்கப்படுகிறது. எதிரிகளிடமிருந்து தப்பிய மார்த்தாண்ட வர்மா இதன் பொந்தில் ஒளிந்திருந்ததாக வரலாற்று மரபு கூறுகிறது. அங்கிருந்து தெற்கே பூவாரில் ஆறு கடலைச் சந்திக்கிறது. அலையாத்திச் செடிகளுக்கிடையே படகில் சென்று, ஆற்றையும் கடலையும் பிரிக்கும் மணல்திட்டில் இறங்கலாம். படகுக் கட்டணத்தை ஏறுமுன் பேசி உறுதிசெய்துகொள்வது நல்லது.

கரமனை: நகரின் குடிநீர்

கரமனை ஆற்றில் 1983-இல் கட்டப்பட்ட பேப்பாறை அணையைச் சுற்றி 53 சதுர கி.மீ. பரப்பில் வனவிலங்குச் சரணாலயம் உள்ளது. அதற்குக் கீழே உள்ள அருவிக்கரையிலிருந்து 1933 முதல் தலைநகருக்குக் குழாய்வழி குடிநீர் செல்கிறது. அங்கே ஆற்றுப் பாறையில் அமைந்த பகவதி கோயில் படித்துறையில் பக்தர்கள் மீன்களுக்கு உணவிடுகின்றனர். நகரம் முழுவதும் குடிக்கும் நீர் இது என்பதால், மேற்பகுதியில் குளிப்பதும் குப்பை வீசுவதும் மற்ற இடங்களைக் காட்டிலும் இங்கு கடுமையான குற்றம் என்றே கருத வேண்டும்.

கிளையாறான கிள்ளியாற்றின் பக்கம் நெடுமங்காடு உள்ளது. 17ஆம் நூற்றாண்டில் வேணாட்டை ஆண்ட உமையம்மை ராணியின் கோயிக்கல் அரண்மனை இங்கு நாட்டுப்புறக் கலைகள், நாணயங்களுக்கான அருங்காட்சியகமாக மாற்றப்பட்டுள்ளது. விரல்நுனியில் ஒட்டும் அளவே உள்ள ‘ராசி’ நாணயத்தை இங்கு காணலாம். இதே ஊரின் சந்தையில் தாழ்த்தப்பட்டோர் நுழையும் உரிமைக்காக 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அய்யன்காளி போராட்டம் நடத்தினார்.

கிள்ளியாறு நகருக்குள் ஆற்றுக்கால் பகவதி கோயிலையொட்டி ஓடுகிறது. மதுரையை எரித்த கண்ணகியே இங்கு குடிகொண்டிருப்பதாக நம்பப்படுகிறது. மாசி மாதப் பொங்கல் விழாவில் பெண்கள் மட்டுமே அடுப்பேற்றுகின்றனர். 2009-இல் 25 லட்சம் பெண்கள் பங்கேற்றது கின்னஸ் சாதனையாகப் பதிவானது. அன்று நகரின் சாலைகள் பல கி.மீ. தொலைவுக்கு அடுப்புகளால் நிறைந்துவிடும். விழாவுக்காக அல்லாமல் வேறு வேலையாக வருவோர் அந்த நாளைத் தவிர்க்கலாம். கடலுக்குச் சற்று முன்னர் திருவல்லம் பரசுராமர் கோயில் படித்துறையில் ஆடி அமாவாசையன்று ஆயிரக்கணக்கானோர் முன்னோருக்குத் தர்ப்பணம் செய்கின்றனர்.

வாமனபுரம்: பொன்முடி முதல் அஞ்சுதெங்கு வரை

நகரிலிருந்து சுமார் 60 கி.மீ. தொலைவில், 1,100 மீட்டர் உயரத்தில் உள்ளது பொன்முடி. 22 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற வேண்டும். மூடுபனி இறங்கினால் சில அடி தூரம்கூடத் தெரியாது. மலையடிவாரத்தில் வாமனபுரம் ஆற்றின் தலைப்பகுதியான கல்லாறு, உருண்டைக் கற்களின் மேல் தெளிந்த நீராக ஓடுகிறது. கல்லாறு பகுதியிலுள்ள மீன்முட்டி அருவிக்கு வனத்துறை அனுமதியுடன் காட்டுப்பாதையில் நடந்தே செல்ல முடியும். இதே பெயரில் நெய்யாறு அணைப் பகுதியிலும், வயநாட்டிலும் அருவிகள் இருப்பதால், வழி கேட்கும்போது ‘கல்லாறு மீன்முட்டி’ என்றே கேட்க வேண்டும்.

கல்லாற்றின் அழகு ஏமாற்றக்கூடியது. கீழே வெயில் அடிக்கும்போதும், மலைமேல் பெய்த மழையால் நிமிடங்களில் வெள்ளம் வந்துவிடும். அமைதியாகத் தோன்றும் கயங்கள் பல ஆள் மூழ்கும் ஆழம் கொண்டவை. குளிக்க இறங்கிய சுற்றுலாப் பயணிகள் இங்கு பலமுறை உயிரிழந்துள்ளனர். தடை விதித்த இடங்களில் இறங்காமல் இருப்பதும், நீர் கலங்கத் தொடங்கியதும் கரையேறுவதும் உயிரைக் காக்கும்.

ஆறு கடலை நெருங்கும் அஞ்சுதெங்கில், ஆற்றிங்கல் ராணியின் அனுமதியுடன் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி 1690-களில் கட்டிய கோட்டை உள்ளது. 1721 ஏப்ரலில் ராணிக்குப் பரிசுப்பொருட்களுடன் ஆற்றிங்கலுக்குச் சென்ற ஆங்கிலேயர் சுமார் 140 பேரை, கம்பெனியின் மிளகு வணிக முறைகேடுகளால் வெகுண்ட உள்ளூர் மக்கள் கொன்றனர். பின்னர் கோட்டை மாதக்கணக்கில் முற்றுகையிடப்பட்டது. இந்தியாவில் ஆங்கிலேயருக்கு எதிராக நடந்த மிகப் பழைய மக்கள் கிளர்ச்சிகளில் ஒன்றான இது பாடநூல்களில் அரிதாகவே இடம்பெறுகிறது. மலையாளக் கவிஞர் குமாரன் ஆசான் 1873-இல் பிறந்த காயிக்கரை அருகிலேயே உள்ளது.

சற்று தெற்கே முதலப்பொழியில், மீன்பிடித் துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர்களுக்கிடையே ஆற்றுநீர் கடலில் கலக்கிறது. முகத்துவாரத்தில் மணல் சேர்வதால் படகுகள் கவிழ்ந்து மீனவர்கள் பலர் பலியாகியுள்ளனர். எனவே மழைக்காலத்தில் படகுகள் திரும்பும் நேரத்தில் இங்கு கரையில் நிற்கும் கூட்டம் பெரும்பாலும் வேடிக்கை பார்க்க வந்தது அல்ல.

செல்லும் காலம்

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை மலையும் கடற்கரையும் ஒருசேரக் காண ஏற்ற காலம். ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழையிலும், அக்டோபர், நவம்பரில் பெய்யும் வடகிழக்குப் பருவமழையிலும் அருவிகள் பெருகும். ஆனால் பொன்முடிச் சாலையும் வனப்பாதைகளும் முன்னறிவிப்பின்றி மூடப்படலாம். நாகர்கோவிலிலிருந்து ரயிலில் வருவோர் நெய்யாற்றின்கரையில் இறங்கினால் அருவிப்புரமும் பூவாரும் அருகில் இருக்கும். பொன்முடிக்குத் திருவனந்தபுரம் தம்பானூர் நிலையத்திலிருந்து அரசுப் பேருந்துகள் உண்டு. கடைசிப் பேருந்து புறப்படும் நேரத்தை மலையேறும் முன்பே நடத்துநரிடம் கேட்டு வைத்துக்கொள்வது அவசியம்.